வாங்கியது இரண்டு லோடர், பொருந்தியது ஒன்று

டிராக்டரின் முன்னால் மாட்டி மண்ணும் எருவும் அள்ளும் என் பழைய லோடர் உடைந்தபோது நான் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஈர எருக்குவியலுக்குள் பக்கெட்டை முட்டினேன்; வலப்பக்கம் எங்கோ ‘டக்’ என்றது. வருடக்கணக்காக ஏதாவது ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருந்த லோடர் என்பதால் பொருட்படுத்தாமல் இன்னும் இரண்டு நடை அள்ளினேன். மூன்றாவது நடையில் பக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தால், லோடரின் வலது தூணை டிராக்டரின் கிளட்ச் ஹவுசிங்கோடு (கிளட்சை மூடியிருக்கும் வார்ப்பிரும்புக் கூடு) பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் இரண்டு தலையறுந்து போயிருந்தன. மூன்றாவது, தன் துளையின் ஓரத்திலிருந்து கட்டைவிரல் நகத்தளவு வார்ப்பிரும்பையும் பெயர்த்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த லோடரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தூக்குவதற்கு மட்டுமே ஹைட்ராலிக்; இறங்குவது தன் எடையில். பக்கெட்டைக் கவிழ்க்க சிலிண்டர் கிடையாது. ஒரு கயிற்றை இழுத்தால் தாழ்ப்பாள் விலகும், மொத்தச் சுமையும் ஒரே கணத்தில் ‘தொம்’ என்று விழும். பாதியைக் கொட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்வதெல்லாம் நடக்காது. ஒரு தடவை டிரெய்லரின் பக்கப் பலகையே பிளந்துவிட்டது. அதனால் அது போனதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இனிமேல் இரண்டு லிவர், நான்கு சிலிண்டர் என்று நாமும் ராஜாவாக வேலை செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

டிராக்டர் மூன்று சிலிண்டர் டீசல்; சுமார் 45 குதிரைத்திறன்; இரண்டு சக்கர இழுவை; 1970களின் வண்டி. இஞ்சின் இன்னும் குளிர்காலக் காலையிலும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் இருக்கும். அந்தப் பாசம்தான் தவறான லோடரையும் வாங்க வைக்கும். ‘என் வண்டி எதையும் தாங்கும்’ என்று மனசு சொல்லும்.

முதலில் வாங்கியது கைமாறி வந்த ஒரு பெரிய லோடர். விற்றவர் ஒரே ஒரு எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஆயிரம் கிலோ தூக்கும். நானும் அந்த ஒரு எண்ணைத்தான் கேட்டேன். எங்கே வைத்து அளந்த ஆயிரம் என்று கேட்கத் தோன்றவில்லை. லோடர்களின் தூக்கும் திறனைப் பெரும்பாலும் பக்கெட்டை மாட்டும் இரும்பு முளையான ‘பின்’னிலேயே கணக்கிட்டுச் சொல்வார்கள். ஆனால் சுமை அந்தப் பின்னில் தொங்குவதில்லை. அதற்கு அரை மீட்டர் முன்னால், பக்கெட்டின் நடுவில் கிடக்கிறது. அங்கே திறன் குறைவு. தரை மட்டத்தில் தூக்குவது வேறு, முழு உயரத்தில் தூக்குவது வேறு. போதாக்குறைக்கு, பக்கெட்டின் சொந்த எடையும் அந்த எண்ணிலிருந்து கழிய வேண்டும். இவ்வளவும் கழிந்த பிறகுதான் மண்ணுக்கு இடம்.

இன்னொன்றையும் கேட்காமல் விட்டேன்: எந்த அழுத்தத்தில்? அந்த லோடரின் தகட்டில் 190 பார் என்று இருந்தது. என் டிராக்டரின் ஹைட்ராலிக்கில் பிறகு கேஜ் மாட்டிப் பார்த்தபோது 150 பாரிலேயே, அழுத்தம் எல்லை மீறாமல் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்துகொண்டது. சிலிண்டரின் விசை அழுத்தத்துக்கு நேர் விகிதம். ஆக, என் வண்டியில் அந்த ஆயிரம் கிலோ மாட்டிய அன்றே எண்ணூறுக்குக் கீழே இறங்கிவிட்டது. ரிலீஃப் வால்வை முறுக்கி அழுத்தத்தை ஏற்றிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஐம்பது வருடப் பழைய பம்ப்பையும், அதைச் சுமக்கும் வார்ப்புகளையும் நினைத்து அதை மட்டும் செய்யாமல் விட்டேன். அந்த ஆண்டு நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

திறன் குறைந்தது ஒரு விதத்தில் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். ஏனென்றால் தூக்கிய அந்தக் குறைந்த சுமையே போதுமானதாக இருந்தது, என்னைக் கவிழ்ப்பதற்கு.

மாட்டி இரண்டு வாரம் இருக்கும். நல்ல ஈர மண், பக்கெட் நிறைய. கண்ணுக்கே தெரியாத அளவு இறக்கம். பக்கெட்டை மார்பளவு உயரத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கியது. அவ்வளவுதான், இருக்கை எனக்குக் கீழே மேலெழுவதுபோல் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான்; அந்தச் சக்கரங்கள் அப்போது மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. இஞ்சினின் பிடிப்பும் அவற்றின் வழியாகத்தான் என்பதால் கியரும் உதவவில்லை. கை தானாகவே லிவரைத் தள்ளியது. பக்கெட் தரையில் குத்தி நின்றது, பின்பக்கம் ‘தடார்’ என்று இறங்கியது. இஞ்சினை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கும் பெரியவர், இந்த ரக வண்டிகளைப் பிரித்துப் பிரித்தே நரைத்தவர். நடந்ததைச் சொன்னேன். அவர் லோடரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து முன் அச்சைப் பார்த்தார்.

“வண்டி எவ்வளவு எடை தம்பி?”

“ஒன்றரை டன் இருக்கும் அண்ணே.”

“இருக்கும் என்றால்? முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு?”

எனக்குத் தெரியவில்லை. “அது தெரியாமல் லோடர் வாங்கினாயா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

லோடரைக் கழற்றிவிட்டு டிராக்டரை எடை மேடைக்கு ஓட்டிப் போனேன். முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை, பிறகு முழு வண்டியையும் ஏற்றி ஓர் எடை. முன் அச்சில் 600 கிலோ, மொத்தம் 1,550. அப்படியானால் பின் அச்சில் 950. அச்சுக்கும் அச்சுக்கும் இடையே நாடா பிடித்தேன்: 1.85 மீட்டர். லோடர் வாங்க நினைக்கும் யாரும் முதலில் எடுக்க வேண்டிய அளவுகள் இவைதான். மீதியெல்லாம் பள்ளிக்கூடத்து நெம்புகோல் கணக்கு.

பெரிய லோடரில் சுமையின் நடுப்பகுதி முன் அச்சுக்கு 1.7 மீட்டர் முன்னால் இருந்தது. முன் அச்சுதான் தாங்குபுள்ளி. பக்கெட்டில் 100 கிலோ வைத்தால், 1.7-ஐ 1.85-ஆல் வகுத்து வரும் 0.92 பங்கு, அதாவது 92 கிலோ, பின்சக்கரங்களிலிருந்து பிடுங்கப்பட்டு முன்னால் போகிறது. வைத்தது 100, முன் அச்சில் இறங்குவது 192. இந்த ஒரு வரி தலைக்குள் ஏறியதும் மற்றதெல்லாம் தானாக விளங்கியது. அன்றைக்கு பக்கெட்டில் ஏறத்தாழ 600 கிலோ இருந்திருக்க வேண்டும். லோடரின் எடை 550 கிலோ, அதன் எடைமையம் அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னால். போட்டுப் பார்த்தால் முன் அச்சில் 2,500 கிலோவுக்கு மேல், பின் அச்சில் 190 கிலோ. சமதரையில், வண்டி அசையாமல் நிற்கும்போதே இந்தக் கணக்கு. இறக்கத்தில், பள்ளத்தில், பிரேக் மிதிக்கும்போது அந்த 190 எங்கே போகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

600 கிலோ தாங்கிக்கொண்டிருந்த அச்சின் தலையில் 2,500 கிலோ. முன்சக்கரம் திரும்பும் முளையான கிங் பின்னின் புஷ்களை (தேய்மானத்தை வாங்கும் உறைகள்) பெரியவர் ஜாக்கி வைத்துத் தூக்கி ஆட்டிக் காட்டியபோது சக்கரம் கடிகாரப் பெண்டுலம்போல் ஆடியது. அதில் கொஞ்சம் பழைய தேய்மானம், மீதி என் இரண்டு வார உபயம். முன் டயர்கள் 6.00-16, ஆறு பிளை; டயரின் அடுக்கு வலுவைச் சொல்லும் எண் அது. டயரின் பக்கவாட்டில் பிளை எண்ணும், பல டயர்களில் தாங்கக்கூடிய எடையும் அச்சிட்டிருக்கும். நான் அதுவரை குனிந்து படித்ததே இல்லை. பவர் ஸ்டீயரிங் கிடையாது. நிறைந்த பக்கெட்டோடு நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப முயன்றால் தோள்பட்டைதான் திரும்பும்.

ஆகவே இரண்டாவது லோடருக்கு முன்னால் முன் அச்சுக்கு வேலை வைத்தேன். புதிய புஷ், புதிய பேரிங், 7.50-16 அளவில் எட்டு பிளை டயர், அதற்கேற்ற ரிம். கைமாறிய ஒரு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் தொகுப்பும் கிடைத்தது. இந்தச் செலவை லோடரின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தனியாகப் பார்த்தால் வலிக்கும்.

பெரிய லோடரைப் பெரிய டிராக்டர் வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தேன். சரிவில் நடந்ததையும் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் வண்டி என் வண்டியைவிட இரண்டு மடங்கு எடை. அவரிடம் அது சாதுவாக இருக்கிறது.

இனி, லோடரை வண்டியோடு பிணைக்கும் சட்டம். எனக்கு மிகத் தாமதமாகப் புரிந்த விஷயம் இது. லாரிக்கு இருப்பதுபோல டிராக்டருக்கு அடிச்சட்டம் கிடையாது. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் தொடங்கி, பெரும்பாலான பண்ணை டிராக்டர்களில் இஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்த வார்ப்புகள், அவையேதான் முதுகெலும்பு. உழவுக்கு இது அருமையான ஏற்பாடு, ஏனென்றால் இழுவிசை பின்பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. லோடர் செய்வது நேர்மாறு: முன்னாலிருந்து முட்டுகிறது, பக்கவாட்டில் முறுக்குகிறது. தூண்களை இஞ்சினோடும் கிளட்ச் ஹவுசிங்கோடும் மட்டும் பூட்டினால், ஒவ்வொரு முட்டலும் அந்த இணைப்புகளை மடக்கிப் பார்க்கிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தை எவ்வளவும் தாங்கும். வளைக்கவோ இழுக்கவோ செய்தால் முன்னறிவிப்பின்றி விரியும். என் பழைய லோடர் பெயர்த்தெடுத்த அந்த நகத்தளவுத் துண்டு இதைத்தான் சொல்லியது.

ஆகவே தூண்களிலிருந்து இரு பக்கமும் பின் அச்சுவரை நீண்டு போய் அங்கே பூட்டிக்கொள்ளும் துணைச்சட்டம் வேண்டும். முட்டும் விசையை முதுகெலும்பின் நடுவில் விடாமல் பின் அச்சுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது அது. துணைச்சட்டம் இல்லாத லோடரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பழைய வண்டிக்கு வாங்கமாட்டேன். அதோடு, கைமாறி வரும் லோடரில் பாதி மதிப்பு அதை வண்டியில் மாட்டும் சட்டங்களில், அதாவது பிராக்கெட்டுகளில்தான் இருக்கிறது. “லோடர் மட்டும்தான், பிராக்கெட் இல்லை” என்று விற்பவர் நமக்கு ஒரு புதிரை விற்கிறார். நம் மாடலுக்கான பிராக்கெட் கிடைக்கிறதா என்பதை லோடரைப் பார்க்கப் போகும் முன்பே விசாரித்துவிட வேண்டும். பட்டறையில் செய்துகொள்ளலாம்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில், ஒரே கோணத்தில் அமையாவிட்டால் ஆயுள் முழுக்க பக்கெட் கோணலாகவே தரையைத் தொடும்.

ஹைட்ராலிக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. அழுத்தம் எவ்வளவு எடை தூக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. எண்ணெய் ஓட்டம் எவ்வளவு வேகமாகத் தூக்கும் என்பதை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நானும் அவர்களில் ஒருவன். என் வண்டியின் பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் கொடுக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம்: அளவு தெரிந்த சிலிண்டர் முழுதும் நீள எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் போதும். பெரிய லோடரின் தூக்கும் சிலிண்டர்கள் 70 மில்லிமீட்டர் உள்விட்டம், 60 சென்டிமீட்டர் நீட்டம். இரண்டையும் நிரப்ப 4.6 லிட்டர். பதினெட்டு லிட்டர் ஓட்டத்தில் அது 15 நொடி. எண்ணிப் பாருங்கள், பதினைந்து நொடி என்பது எவ்வளவு நேரம் என்று. ஒவ்வொரு பக்கெட்டுக்கும் அந்தரத்தில் ஊர்ந்துபோகும் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தவமிருப்பது போல. இரண்டாவதாக வாங்கியதில் 50 மில்லிமீட்டர் விட்டம், 50 சென்டிமீட்டர் நீட்டம். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆறரை நொடியில் மேலே போய்விடுகிறது.

பல பழைய வண்டிகளில் ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி கிடையாது; கியர்பாக்ஸ் எண்ணெயையேதான் அதுவும் குடிக்கும். புதிதாக மாட்டிய வெற்றுச் சிலிண்டர்களும் ஹோஸ்களும் முதல் தடவை நிறையும்போது அந்த எண்ணெய் குறையும். பெரிய லோடரை மாட்டிய அன்று நான் எண்ணெய் சேர்க்க மறந்தேன். பம்ப் நாய்க்குட்டிபோல் முனகியது. இரண்டு முறை எல்லாச் சிலிண்டர்களையும் முழுதும் நீட்டி மடக்கி, காற்றை வெளியேற்றி, பிறகு எல்லாவற்றையும் மடக்கிய நிலையில் அளவுக்கோலைப் பார்த்து எண்ணெய் சேர்ப்பது என்பதை இப்போது மந்திரம்போல் செய்கிறேன்.

வண்டியின் பம்ப் போதாது என்றால் இரண்டு வழி. இஞ்சினின் சுழற்சியைக் கருவிகளுக்குத் தரும் பின்பக்கத் தண்டில் (பி.டி.ஓ.) ஒரு பம்ப் மாட்டலாம், மலிவு, சுலபம். ஆனால் ஒற்றைக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். லோடர் வேலை என்பதே கிளட்ச் மிதித்து முன்னும் பின்னும் போவதுதான். ஒரு நாள் வேடிக்கையாக எண்ணினேன், ஒரு மணி நேரத்தில் நூற்றறுபது மிதி. ஒவ்வொரு மிதியிலும் கைகள் அந்தரத்தில் உறைந்து நின்றால் பைத்தியம் பிடிக்கும். இரண்டாவது வழி, இஞ்சினின் முன்னால் கிராங்க் தண்டிலிருந்தே ஓடும் பம்ப், தனித் தொட்டியோடு. சுற்றுக்கு 16 சி.சி. தள்ளும் கியர் பம்ப் 1,500 சுற்றில் 24 லிட்டர் தரும். கசிவு போக 21, 22 என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஆசைதான். ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அதற்கு ஒரு காப்பு, தண்டுக்கு ஒரு வழி, தொட்டிக்கு ஓர் இடம் என்று கணக்குப் பார்த்ததில், சின்ன சிலிண்டர் லோடரே மலிவான தீர்வு என்று தெரிந்தது.

வால்வு வாங்கும்போது இரண்டு விஷயம் கட்டாயம் பார்த்தேன். ஒன்று, தூக்கும் லிவரில் மிதவை நிலை. லிவரை முன்னால் கடைசிவரை தள்ளினால் அங்கேயே நின்றுகொள்ளும். சிலிண்டரின் இருபக்கமும் திறந்து, பக்கெட் தரையின் மேடுபள்ளத்துக்கேற்பத் தானே ஏறி இறங்கும். நிரவும்போது இது இல்லாவிட்டால், கையே வலிக்க வலிக்கத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது, லோடர் வால்வைத் தாண்டி, டிராக்டரின் பின்னால் கருவிகளைத் தூக்கும் ஹைட்ராலிக் தூக்கிக்கு எண்ணெய் போகும் வழி. வால்வின் சாதாரண வெளிவாயிலைத் தூக்கிக்கு இணைத்துவிடக் கூடாது. அந்த வாயில் தொட்டிக்குத் திரும்பும் எண்ணெய்க்கானது, அழுத்தம் தாங்காது, வால்வே பிளக்கலாம். ‘பவர் பியாண்ட்’ என்று சொல்லும் தனி வாயில் இருக்க வேண்டும். தொட்டிக்கு வேறு ஹோஸ். வால்வுக்கென்று சொந்த ரிலீஃபும் வேண்டும்.

ஹோஸ் இணைப்பில் ஒரு வாரம் போனது. குழாய்த் திருகுகளில் பி.எஸ்.பி., என்.பி.டி. என்று இரண்டு தரங்கள். அரை அங்குல பி.எஸ்.பி. திருகுக்கும் அரை அங்குல என்.பி.டி. திருகுக்கும் அங்குலத்துக்கு 14 இழைதான். அதனால் ஒன்று மற்றதில் அழகாக ஏறும். கைக்குச் சரியாகவே தெரியும். ஆனால் இழையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. எவ்வளவு டேப் சுற்றினாலும் கசியும். மேலும் முறுக்கினால் வார்ப்பு விரியும். நான் மூன்று தடவை டேப் சுற்றிய பிறகுதான் திருகு அளவுத்தகட்டை எடுத்தேன். கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலுக்குள் ஏறினால் கையையே எடுக்க வேண்டி வரும். ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் அதில் தெரியும்.

பக்கெட்டின் விஷயத்தில் எல்லோரும் பெரிதைத்தான் கேட்கிறார்கள். ஈர மண் ஒரு கன மீட்டர் 1.8 டன் அளவுக்கு இருக்கும். மக்கிய எரு அதில் பாதிகூட இல்லை. ஆக எருவுக்கு ஏற்ற பக்கெட் மண்ணுக்கு ஆபத்து. என் புதுக் கணக்கில் பக்கெட்டுக்குள் அனுமதி 350 கிலோ, மண்ணுக்கு 0.2 கன மீட்டர் பக்கெட் போதும், தானாகவே ஏறத்தாழ அந்த எல்லையில் நிற்கும். மனிதன் அளந்து அள்ளுவான் என்று நம்புவதைவிட, நிறைந்தாலும் ஆபத்தில்லாத பக்கெட்டை மாட்டுவது மேல். அகலம் மட்டும் பின்சக்கரங்களின் வெளிவிளிம்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் நிரவிய இடத்தையே சக்கரம் மிதித்துக்கொண்டு போகும். எருவுக்குத் தனியாக ஒரு முள்கரண்டி வாங்கினேன்.

விரைவில் கழற்றி மாட்டும் தட்டு வேண்டுமா என்று கேட்பார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டுக்கும் எடை உண்டு. சுமையையும் ஒரு சாண் முன்னால் தள்ளும். பெரிய வண்டிக்கு அது பொருட்டல்ல. நம் வண்டியில் ஒவ்வொரு சாணும் பின் அச்சிலிருந்து திருடப்படுவது. நான் முளை போட்டு மாட்டும் பழைய முறையையே வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன், கால் மணி நேரம். திட்டிக்கொண்டேதான் மாற்றுகிறேன்.

உருளையாகச் சுருட்டிய பெரிய வைக்கோல் கட்டுகளைத் தூக்கும் எண்ணம் இருப்பவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம். கைகள் உயர உயர பக்கெட் பின்னால் சாயும் சாதாரண லோடரில், கட்டு கைகளின் வழியே உருண்டு ஓட்டுநர் மடியில் வந்து விழும். இப்படி இறந்தவர்கள் பலர். அதற்குச் சுமையை எப்போதும் மட்டமாக வைத்திருக்கும் இணைகை லோடர், சரியான பிடிமுள், இருக்கைக்கு மேல் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் வேண்டும். என் வண்டியில் அந்தச் சட்டம் இல்லை. நான் கட்டுகளைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது லோடரும் கைமாறியதுதான். இந்தத் தடவை கண் கொஞ்சம் திறந்திருந்தது. சமதரையில் பக்கெட்டை இறக்கச் சொன்னேன். வெட்டுவிளிம்பின் இரு முனையும் ஒரே நேரத்தில் தொடுகின்றனவா என்று பார்த்தேன். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் கைகள் முறுக்கியிருக்கின்றன என்று பொருள். கடப்பாரையால் ஒவ்வொரு பின்னையும் நெம்பினேன். புஷ் தேய்ந்தால் மாற்றலாம், பின் உட்காரும் துளையே முட்டை வடிவமாகிவிட்டால் லேத் வேலை. சிலிண்டர் தண்டில் நகத்தை ஓட்டினேன். நகம் மாட்டும் கீறல் இருந்தால் புதுச் சீல் போட்டும் பயனில்லை. பக்கெட்டைத் தூக்கி, இஞ்சினை நிறுத்தி, பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன்; விரலளவு இறங்கியிருந்தது. அதற்கு மேல் இறங்கியிருந்தால் விலையில் பேசியிருப்பேன். குறுக்குக்குழாயில் புதுப் பெயின்ட் இருந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். விற்றவர் சிரித்தார், அடியில் பழைய பெயின்ட்தான் இருந்தது, வெல்டிங் இல்லை.

மாட்டி முடித்த மகிழ்ச்சியில் இருந்தபோது பெரியவர் வந்து சுற்றிப் பார்த்தார். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொன்னார். டயர் சட்டத்தில் உரசவில்லை. ஒரு முன்சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றச் சொல்லி, அச்சு ஊசலாடும் நிலையிலும் பார்த்தார். நான்கு விரல் இடைவெளி இருந்தது. தலையாட்டினார். பிறகு கேட்டார்: “இஞ்சின் ஆயில் ஃபில்டரை எப்படிக் கழற்றுவாய் தம்பி?”

போய்ப் பார்த்தேன். துணைச்சட்டம் ஃபில்டரின் வயிற்றுக்கு நேராக, இரண்டு விரல் தள்ளி ஓடியது. ஃபில்டரைத் திருகலாம், வெளியே எடுக்க முடியாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் லோடரையே இறக்க வேண்டும். மறுபடி பட்டறை, அந்த இடத்தில் சட்டத்தை அரைவட்டமாக வெட்டி, வெளிப்பக்கம் தடித்த தகடு வைத்து வலுப்படுத்தினோம். டீசல் மூடி, அளவுக்கோல், பேட்டரி, ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் மாட்டும் முன்பே கையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பின்பக்க எடையை லோடரின் உறுப்பாகவே நினைக்கிறேன். ஓர் இரும்புப் பெட்டியில் கான்கிரீட் ஊற்றி, டிராக்டரின் பின்னால் கருவிகளை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பில் தொங்கும்படி செய்தோம். 400 கிலோ, அதன் நடு பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால். அதே நெம்புகோல் இந்தத் தடவை நம் பக்கம். சின்ன லோடர் 330 கிலோ, பக்கெட்டில் 350 கிலோ மண் என்று வைத்துக்கொண்டால், பெட்டி இல்லாமல் முன் அச்சில் 1,650 கிலோவும் பின்னால் 580-ம் வருகிறது. பெட்டியை மாட்டினால் முன்னால் 1,440, பின்னால் 1,190. டயரில் தண்ணீர் நிரப்புவதும் பின்சக்கரத்தில் இரும்பு வட்டு மாட்டுவதும் நல்லதுதான். ஆனால் அவை பின் அச்சுக்கு நேராக இருப்பதால் முன் அச்சின் சுமையை ஒரு கிலோகூடக் குறைக்காது. பின்னால் தள்ளித் தொங்குவதுதான் முன்னால் தூக்கிக் கொடுக்கும். பெட்டி இல்லாமல் லோடரை ஓட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பெட்டியோடு என்றாலும் சுமையை முழங்கால் உயரத்துக்கு மேல் வைத்துக்கொண்டு நகர்வதில்லை.

முதல் பத்து மணி நேர வேலைக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கினேன். ஏறத்தாழ எல்லாமே கால் சுற்று வாங்கிக்கொண்டன. கிளட்ச் ஹவுசிங்கில் அந்தப் பெயர்ந்துபோன துளையை விட்டுவிட்டு, துணைச்சட்டத்தின் பிடியைச் சற்றுத் தள்ளிய இரு நல்ல துளைகளுக்கு மாற்றியிருந்தோம். அவற்றில் ஒன்று மட்டும் ஐம்பது மணி நேரத்திலும் தளர்ந்தது. அதைக் கழற்றி, சுத்தம் செய்து, பூட்டும் பசை தடவி மறுபடி முறுக்கி, போல்ட் தலையிலிருந்து வார்ப்புவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். காலையில் வண்டியை எடுக்கும்போது டீசல் அளவைப் பார்க்கும் முன்பு குனிந்து அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். இன்றுவரை முறியவில்லை.